சட்டப்படி நடந்த அநியாயம்

நேயர்களுக்கு வணக்கம்.

இன்று டிசம்பர் 10, மனித உரிமைகள் நாள். 1948-இல் இதே நாளில் பாரிஸில் கூடிய ஐ.நா. பொதுச்சபை மனித உரிமைகள் உலகப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. 48 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து ஒரு வாக்குகூட இல்லை. எட்டு நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டன. அதில் ஒன்று தென்னாப்பிரிக்கா. அந்த வருடம் மே மாதம்தான் அங்கே மலான் தலைமையிலான தேசியக் கட்சி தேர்தலில் வென்று ஆட்சிக்கு வந்திருந்தது. பிறப்பால் எல்லா மனிதரும் சமம் என்று உலகம் எழுதிக்கொண்டிருந்தபோது, சமமில்லை என்று ஒரு நாட்டையே மாற்றி எழுதும் வேலையை அவர்கள் தொடங்கிவிட்டார்கள்.

நான் சட்டக் கல்லூரியில் பல வருடம் பாடம் நடத்தியவர்களில் ஒருவர். தென்னாப்பிரிக்காவின் நிறவெறி பற்றி மாணவர்களிடம் கேட்டால், தடியடி, துப்பாக்கிச்சூடு, சிறை, மண்டேலா என்று சொல்வார்கள். அதெல்லாம் உண்மைதான். 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் காவல் நிலையத்தின் முன் கூடியிருந்த மக்களைப் போலீஸ் சுட்டதில் 69 பேர் செத்தார்கள், பலருக்கு முதுகில்தான் குண்டு பாய்ந்திருந்தது. ஆனால் அந்த ஆட்சியில் ஒரு சாதாரண மனிதர் ஒவ்வொரு நாளும் பட்ட பாட்டைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால், துப்பாக்கியை விட்டுவிட்டு அலுவலகத்துக்குப் போக வேண்டும். ஒரு மேசை, ஒரு குமாஸ்தா, ஒரு முத்திரை. அங்கேதான் அந்த அநியாயத்தில் பெரும்பங்கு நடந்தது. நாடாளுமன்றத்தில் நிறைவேறி, அரசிதழில் வெளியாகி, விதிகள் வகுக்கப்பட்டு, முறையாக நடந்தது. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில், ஆளைப் பிரிக்க வேண்டும். 1950-இல் வந்த மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் நாட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஓர் இனத்தை எழுதிவைத்தது. வெள்ளையர், கருப்பர், கலப்பினத்தவர்; பிறகு இந்தியர் தனிப் பிரிவாக ஆனார்கள். வெள்ளையர் என்றால் யார்? பார்த்தால் வெள்ளையராகத் தெரிபவர், அல்லது ஊரார் வெள்ளையர் என்று ஏற்றுக்கொண்டவர். சட்டத்தின் விளக்கம் ஏறத்தாழ இவ்வளவுதான். பார்வைக்கு எப்படி இருக்கிறார், அக்கம்பக்கத்தார் என்ன நினைக்கிறார்கள் என்பதை வைத்துக்கொண்டு, ஒருவர் எங்கே குடியிருக்கலாம், யாரைக் கட்டிக்கொள்ளலாம், பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகலாம் என்பதெல்லாம் முடிவானது.

சந்தேகம் வந்தால் விசாரணை. அதிகாரிகள் நகத்தைப் பார்த்தார்கள், மூக்கைப் பார்த்தார்கள். தலைமுடிக்குள் ஒரு பென்சிலைச் செருகினார்கள். பென்சில் நழுவி விழுந்தால் ஒரு இனம், சுருள்முடியில் சிக்கி நின்றால் வேறு இனம். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் வேறு வேறு இனமாகப் பதிவானார்கள். வருடாவருடம் இத்தனை பேர் இந்த இனத்திலிருந்து அந்த இனத்துக்கு மாற்றப்பட்டார்கள் என்று கணக்கும் வெளியிட்டார்கள்.

ஒரு சிறுமியின் கதை உலகம் முழுக்கத் தெரிந்தது. பெயர் இங்கே வேண்டாம். பெற்றோர் இருவரும் வெள்ளையர். பல தலைமுறைக்கு முந்தைய ஏதோ ஒரு கலப்பினால் குழந்தை மாநிறமாக, சுருட்டைமுடியோடு பிறந்தாள். வெள்ளையர் பள்ளி விடுதியில் சேர்த்தார்கள். மற்ற பெற்றோர் புகார் செய்ய, 1966-இல், பத்து வயதில், போலீஸ்காரர்கள் வந்து அவளை வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். பதிவேட்டில் அவள் கலப்பினத்தவள் ஆனாள். தகப்பன் கோர்ட்டுக்குப் போனார். அடுத்த வருடம் சட்டம் திருத்தப்பட்டு அவள் மீண்டும் வெள்ளைக்காரி ஆனாள். வளர்ந்த பிறகு கருப்பர் ஒருவரோடு வாழ்ந்து பிள்ளைகள் பெற்றபோது, அந்தப் பிள்ளைகளைத் தன்னோடு வைத்துக்கொள்வதற்காக, என்னைக் கலப்பினத்தவளாக மாற்றுங்கள் என்று அவளே மனுப் போட வேண்டியிருந்தது. இவ்வளவு மாற்றத்திலும் அவள் உடம்பில் ஒரு மயிரிழைகூட மாறவில்லை. மாறியதெல்லாம் பதிவேட்டில்தான்.

ஆளைப் பிரித்தாயிற்று. அப்புறம் மண்ணைப் பிரிக்க வேண்டும். இது பழைய வேலை. 1913-ஆம் ஆண்டு நிலச் சட்டம், நாட்டின் மிகப்பெரும்பான்மையான கருப்பர்களுக்கு நாட்டு நிலத்தில் சுமார் 7 விழுக்காட்டை ஒதுக்கியது. 1936-இல் அது சுமார் 13 ஆனது. நகரங்களைக் கூறுபோட்டது 1950-இன் குழுப் பகுதிகள் சட்டம். எந்தத் தெரு எந்த இனத்துக்கு என்று அரசிதழில் ஓர் அறிவிப்பு வரும். அதோடு அங்கே தலைமுறையாக வாழ்ந்தவர்கள் சட்டவிரோதமாகக் குடியிருப்பவர்கள் ஆகிவிடுவார்கள்.

1955 பிப்ரவரியில் ஜோஹன்னஸ்பர்க்கின் சோஃபியாடவுனுக்குள் சுமார் 2,000 போலீஸார் நுழைந்து வீடுகளைக் காலி செய்யத் தொடங்கினார்கள். அது இடிந்து, அந்த இடத்தில் வெள்ளையர் குடியிருப்பு எழுந்தபோது அதற்கு 'வெற்றி' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். கேப்டவுனின் ஆறாவது வட்டத்தை 1966 பிப்ரவரி 11 அன்று வெள்ளையர் பகுதி என்று அறிவித்து, அடுத்தடுத்த வருடங்களில் 60,000 பேருக்கு மேல் வெளியேற்றினார்கள். இந்தச் சட்டத்தால் வீடு மாறியவர்களில் கலப்பினக் குடும்பங்கள் 80,000-க்கும் மேல், இந்தியக் குடும்பங்கள் சுமார் 40,000. வெள்ளையர் குடும்பங்கள் இரண்டாயிரத்துச் சொச்சம். கிராமங்களையும் சேர்த்துப் பார்த்தால், 1960-க்கும் 1983-க்கும் இடையில் மட்டும் முப்பத்தைந்து லட்சம் பேரை இடம்பெயர்த்தார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இந்த 40,000 குடும்பங்களில் நம்மவர்கள் நிறைய. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பல் டர்பனில் கரும்புத் தோட்டங்களுக்கான முதல் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். பெரும்பான்மையினர் சென்னை மாகாணத்து ஏழைகள், தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். ஒப்பந்தம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பவில்லை. டர்பனுக்குப் பக்கத்தில் கேட்டோ மேனர் என்ற மேட்டுப் பகுதியில் நிலம் பிடித்து, காய்கறி போட்டு, வாழை வைத்து, கையிலிருந்த காசில் வீடு கட்டி, கோயிலும் கட்டினார்கள். அங்கே கருப்பர்களும் பெருந்திரளாகக் குடியிருந்தார்கள்.

1958-இல் கேட்டோ மேனர் வெள்ளையர் பகுதி என்று அறிவிக்கப்பட்டது. கருப்பர்களைக் குவாமாஷு போன்ற புதுக் குடியிருப்புகளுக்கும், இந்தியர்களைச் சாட்ஸ்வொர்த்துக்கும் அனுப்பினார்கள். சாட்ஸ்வொர்த் வரைபடத்தைப் பார்த்தாலே அதைத் திட்டமிட்டவர்களின் மனம் தெரிந்துவிடும். வெள்ளையர் பகுதி ஒரு பக்கம், உம்லாசி என்ற கருப்பர் குடியிருப்பு மறுபக்கம், நடுவில் தடுப்பாக இந்தியர்கள். பகுதிகளுக்குப் பெயர் இல்லை, யூனிட் ஒன்று, யூனிட் இரண்டு என்று எண்தான். தெருக்களுக்கும் எண்கள். சின்னச் சின்ன ஒட்டுவீடுகள். பெரியப்பா, சித்தப்பா, பாட்டி என்று ஒரே முற்றத்தில் புழங்கிய கூட்டுக் குடும்பம் அதில் எப்படி அடங்கும்? ஆளுக்கொரு யூனிட்டாகச் சிதறியது. தோட்டம் போனது, வேலைக்குப் போக பஸ் செலவு வந்தது.

கொடுமையிலும் கொடுமை, காலி செய்த கேட்டோ மேனரில் வெள்ளையர் யாரும் பெரிதாக வந்து குடியேறவில்லை. பல பத்தாண்டுகள் பெரும்பகுதி சும்மாவே கிடந்தது. யாருக்கும் வேண்டாத நிலத்துக்காக அத்தனை குடும்பங்களைப் பெயர்த்தார்கள். கோயில்களை மட்டும் விட்டுவைத்தார்கள். அங்குள்ள அம்பலவாணர் ஆலயம் அப்படி நின்றது. தீமிதித் திருவிழாவுக்குச் சாட்ஸ்வொர்த்திலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் மக்கள் திரும்பிவந்து மிதித்துவிட்டுப் போனார்கள். சாமி இருக்கலாம், கும்பிடுகிறவன் இருக்கக் கூடாது என்று ஒரு சட்டம் சொன்னது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, ஒரு கருப்பருக்கு இதைவிட மோசமான ஒன்று இருந்தது. பாஸ் புத்தகம். ரேஷன் அட்டையை வீட்டில் வைத்துவிட்டு நாம் வெளியே போகிறோம். பாஸ் புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு அவர் தெருமுனைக் கடைக்குக்கூடப் போக முடியாது. 16 வயதானால் எப்போதும் கையில் இருக்க வேண்டும். புகைப்படம், கைரேகைப் பதிவு, வரி கட்டிய விவரம், இந்த நகரத்தில் இருக்க அனுமதி, மாதாமாதம் முதலாளியின் கையெழுத்து. எந்தப் போலீஸ்காரரும் எந்த நேரத்திலும் கேட்கலாம். அனுமதி இல்லாதவர் ஒரு நகரத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் குற்றம். இதற்கென்றே தனி நீதிமன்றங்கள் இருந்தன. ஒரு வழக்கு சில நிமிடங்களில் முடிந்துவிடும். இருபதாம் நூற்றாண்டில் பாஸ் சட்டங்களின்கீழ் நடந்த கைதுகள் ஒரு கோடியே எழுபது லட்சம் அளவுக்கு வரும்.

பெண்களுக்கும் பாஸ் என்றபோது, 1956 ஆகஸ்ட் 9 அன்று சுமார் 20,000 பெண்கள் தலைநகர் பிரிட்டோரியாவில் அரசு மாளிகைக்கு முன் திரண்டார்கள். லிலியன் இங்கோயி, ஹெலன் ஜோசஃப், ரஹீமா மூசா, சோஃபியா வில்லியம்ஸ் என்று நான்கு இனங்களின் பெண்கள் முன்னால் நின்றார்கள். கட்டுக்கட்டாக மனுக்களைப் பிரதமர் அலுவலக வாசலில் வைத்துவிட்டு, அரைமணி நேரம் அத்தனை பேரும் வாய் திறக்காமல் நின்றார்கள். பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு வந்தவர்களும் அதில் இருந்தார்கள்.

இந்தப் பாஸ் சட்டம் குடும்பத்தை எப்படி உடைத்தது என்பதற்கு இரண்டு வழக்குகள். சட்டம் படிக்கிறவர்கள் இதைத் தேடிப் படிக்க வேண்டும்.

நகரத்தில் நிரந்தரமாக இருக்கும் உரிமை கருப்பருக்கு அபூர்வமாகத்தான் கிடைக்கும். அங்கேயே பிறந்து விடாமல் வாழ்ந்திருக்க வேண்டும், அல்லது ஒரே முதலாளியிடம் பத்து வருடம் தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும், அல்லது வெவ்வேறு வேலைகளில் பதினைந்து வருடம் சட்டப்படி இருந்திருக்க வேண்டும். மெஹ்லோலோ டாம் ரிகோட்டோ என்ற தொழிலாளி ஜெர்மிஸ்டனில் ஒரே இடத்தில் பத்து வருடம் வேலை செய்தார், உரிமை கேட்டார். இல்லை என்றது நிர்வாகம். ஏன்? கருப்பர்களுக்கு வேலை ஒப்பந்தம் வருடத்துக்கு ஒருமுறைதான் போட வேண்டும் என்று அரசே விதி செய்திருந்தது. வருட முடிவில் சொந்த ஊர் போய், பதிந்து, திரும்பி வர வேண்டும். அப்படிப் போய்வந்ததால் உன் வேலை தொடர்ச்சி அறுந்துவிட்டது என்றார்கள். அறுத்தவர்களும் அவர்கள், அறுந்துவிட்டது என்று தீர்ப்புச் சொன்னவர்களும் அவர்கள். 1983-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரிகோட்டோ பக்கம் நின்றது. அவரைப் போல வருடக்கணக்கில் தனியாளாகக் கிடந்த ஏராளமான தொழிலாளர்களுக்கு அந்தத் தீர்ப்பு கதவைத் திறந்தது.

இன்னொன்று கொமானி வழக்கு. கணவருக்குக் கேப்டவுனில் இருக்க உரிமை உண்டு. அவரோடு மனைவி இருக்கலாம் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஆனாலும் குடியிருப்பு அனுமதிச் சீட்டு என்ற தனிக் காகிதம் மனைவியிடம் இல்லை, போகச் சொல் என்றார்கள். 1980-இல் நீதிமன்றம் அந்த விதியையே செல்லாது என்றது. ஒரு மனைவி கணவனோடு ஒரே வீட்டில் இருப்பதற்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

நீதிமன்றம் இருந்ததே என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது, அவ்வப்போது நியாயமும் சொன்னது. அப்போது ஆட்சி என்ன செய்தது என்பதும் பதிவாகியிருக்கிறது. ரயில் நிலையத்தில் தனித்தனி அறை வைத்தால், இரண்டும் ஏறத்தாழ சமமாக இருக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் சொன்னன. உடனே 1953-இல் தனி வசதிகள் சட்டம் வந்தது. தனித்தனி வசதிகள் சமமாக இருக்க வேண்டியதில்லை என்று அந்தச் சட்டம் வெளிப்படையாகவே சொன்னது. பெஞ்சு, அஞ்சலக வரிசை, கடற்கரை, ஆம்புலன்ஸ் வரை தனித்தனி. கேப் மாகாணத்தில் கலப்பினத்தவருக்கு இருந்த வாக்குரிமையைப் பறிக்கக் கொண்டுவந்த சட்டத்தை நீதிமன்றம் செல்லாது என்றபோது, அதை நிறைவேற்றத் தேவையான பெரும்பான்மையைப் பிடிப்பதற்காக நாடாளுமன்ற மேலவை உறுப்பினர் எண்ணிக்கையை 48-லிருந்து 89 ஆக்கினார்கள், மேல்முறையீட்டு நீதிபதிகளின் எண்ணிக்கையையும் கூட்டினார்கள். 1956-இல் வாக்குரிமை போயிற்று. எல்லாமே நடைமுறைப்படி. இதனால்தான் சட்டம் என்ற ஒன்று மட்டும் இருந்தால் போதும் என்று யாராவது சொன்னால் எனக்குப் பயமாக இருக்கிறது.

நம்மவர்கள் இதில் எங்கே நின்றார்கள் என்பதையும் பேசியாக வேண்டும். இந்தியர்களை அந்த ஆட்சி நடுப்படியில் வைத்தது. வெள்ளையருக்குக் கீழே, கருப்பருக்கு மேலே. ராபன் தீவுச் சிறையின் உணவுப் பட்டியலைப் பாருங்கள். இந்தியருக்கும் கலப்பினத்தவருக்கும் நாலு அவுன்ஸ் ரொட்டி, கருப்பருக்கு ரொட்டியே இல்லை. அவர்களுக்கு ஜாம் உண்டு, இவர்களுக்கு இல்லை. இறைச்சி அவர்களுக்கு ஆறு அவுன்ஸ், இவர்களுக்கு ஐந்து. இந்தியரான அகமது கத்ராடாவுக்கு நீளக் கால்சட்டை, அதே வழக்கில் அதே ஆயுள் தண்டனை பெற்ற மண்டேலாவுக்கு அரைக்கால்சட்டை. ஒரு அவுன்ஸ் கறியில் ஒற்றுமையை உடைக்கப் பார்த்தார்கள். கைதிகள் இருந்ததைப் பகிர்ந்துகொண்டார்கள், எல்லாருக்கும் ஒரே உணவு என்று கேட்டு வருடக்கணக்கில் போராடினார்கள். ஒப்பந்தக் கூலிகளின் காலத்திலேயே காந்தியின் சத்தியாக்கிரகத்தில் சிறைக்குப் போன தம்பி நாயுடுவின் பேரன் இந்திரஸ் நாயுடு அந்தத் தீவில் பத்து வருடம் இருந்தார்.

வெளியே எப்போதும் அப்படி ஒற்றுமை இருந்ததா என்றால், இல்லை. 1949 ஜனவரியில் டர்பனில் இந்தியருக்கும் கருப்பருக்கும் நடந்த கலவரத்தில் 142 பேர் இறந்தார்கள். படி வைத்து அடுக்கினால் பக்கத்துப் படியில் நிற்பவன்மேல்தான் கோபம் திரும்பும், படி கட்டியவன் தப்பித்துக்கொள்வான். அதைப் புரிந்துகொண்டு இரு தரப்புக்கும் பாலம் போட்டவர்களில் டாக்டர் மான்டி நாயக்கர் முக்கியமானவர். இந்தியர் நிலம் வாங்குவதைத் தடுத்த 1946-ஆம் வருடச் சட்டத்தை எதிர்த்து அவரும் டாக்டர் யூசுப் தாதூவும் நடத்திய சத்தியாக்கிரகத்தில் சுமார் 2,000 பேர் சிறை போனார்கள்.

பிறகு 1984-இல் பெரிய தூண்டில் ஒன்று வந்தது. இந்தியருக்கும் கலப்பினத்தவருக்கும் தனித்தனி நாடாளுமன்ற அவை, கருப்பருக்கு எதுவும் இல்லை. வாக்குப்பெட்டி வந்தும் இந்திய வாக்காளர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்குத்தான் போய் வாக்களித்தார்கள். மற்றவர்கள் வீட்டில் இருந்துவிட்டார்கள். கிடைக்காத உரிமைக்காகப் போராடுவது பெரிது. கையில் கொடுத்த உரிமையை, பக்கத்து வீட்டுக்காரனுக்கு இல்லையே என்று வேண்டாம் என்பது அதைவிடப் பெரிது என்று நான் நினைக்கிறேன்.

டர்பனில் ஒரு பஸ் ஓட்டுநரின் மகள், நவநீதம் பிள்ளை. தமிழ்க் குடும்பம். ஊரார் பணம் திரட்டிப் படிக்க வைத்த பெண். 1967-இல் நேட்டால் மாகாணத்தில் சொந்தமாக வழக்கறிஞர் அலுவலகம் திறந்த முதல் வெள்ளையரல்லாத பெண். எந்த நிறுவனத்திலும் ஒரு வெள்ளை ஊழியர் அவரிடம் கட்டளை கேட்க மாட்டார் என்பதால் தனியாகத் திறப்பதைத் தவிர வழியில்லை. கணவரைக் காவலில் வைத்தபோது, அவரைச் சித்திரவதை செய்யக் கூடாது என்று நீதிமன்றத்தில் தடை வாங்கினார். 1973-இல் ராபன் தீவுக் கைதிகளுக்கு வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமையைப் பெற்றுத்தந்தார். இத்தனை வருடம் வாதாடியும் நீதிபதியின் அறைக்குள் அவரை விட்டதில்லை. 1995-இல் தானே நீதிபதியான பிறகுதான் முதன்முதலாக அப்படி ஓர் அறைக்குள் போனார், அது அவருடைய அறை. ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த ஐ.நா. தீர்ப்பாயத்தில் அமர்ந்து, வன்புணர்வும் இனப்படுகொலைக் குற்றமாகும் என்ற 1998 தீர்ப்பை வழங்கியவர்களில் ஒருவர். 2008 முதல் 2014 வரை ஐ.நா.வின் மனித உரிமைகள் உயர் ஆணையர். நம் பாடப்புத்தகங்களில் தில்லையாடி வள்ளியம்மையைப் படிக்கிறோம். அவருக்குப் பக்கத்திலேயே இவரையும் வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

பாஸ் சட்டம் 1986-இல் போனது. குழுப் பகுதிகள் சட்டமும் மக்கள்தொகைப் பதிவுச் சட்டமும் 1991-இல் நீங்கின. 1994 ஏப்ரல் 27 அன்று எல்லா இனத்தவரும் முதன்முறையாக ஒரே வரிசையில் நின்று வாக்களித்தார்கள். அந்த வருடமே நிலம் மீட்புச் சட்டம் வந்தது. 1913 ஜூன் 19-க்குப் பிறகு இனச் சட்டங்களால் நிலம் இழந்தவர்கள் கேட்டுப் பெறலாம். 1998 இறுதிக்குள் சுமார் 80,000 கோரிக்கைகள் வந்தன. கேட்டோ மேனரிலிருந்தும் நிறைய. ஆனால் சாட்ஸ்வொர்த்தில் பிள்ளைகள் பிறந்து, பேரன் பேத்திகளும் வந்துவிட்டார்கள். பழைய மனையில் வேறு ஏழைகள் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அதனால் நகரத்துக்காரர்கள் பெரும்பாலும் நிலத்துக்குப் பதில் பணத்தை வாங்கிக்கொண்டார்கள். ஆறாவது வட்டத்தில் திரும்பிப் போக விரும்பியவர்களுக்கு வீடுகள் மிக மெதுவாகத்தான் கிடைத்தன, காத்திருந்தே பல முதியவர்கள் இறந்துபோனார்கள். பறித்தவர்களுக்கு ஓர் அரசிதழ் அறிவிப்பு போதுமானதாக இருந்தது. திரும்பப் பெற, எந்த மனை, எந்த வருடம், யார் பெயரில் என்று ஒவ்வொன்றையும் அந்தக் குடும்பங்கள்தான் நிரூபிக்க வேண்டியிருந்தது.

நன்றி. வணக்கம்.